டிடெக்டரும் துப்பாக்கியும்: அரிசோனா பாலைவன நாட்குறிப்பு

நவம்பர் 9, 2024, சனி

வெயில் தணிந்துவிட்டது. இந்தப் பருவத்துக்கு முதல் முறையாக, தங்கம் தேட மெட்டல் டிடெக்டரை எடுத்துக்கொண்டு விக்கன்பர்க் ஊருக்கு வடக்கே போய் வந்தேன். 1863-இல் ரிச் ஹில் மலையில் தங்கம் கிடைத்ததிலிருந்து ஆட்கள் கிளறிக்கொண்டே இருக்கும் பகுதி. இன்றைக்கும் வறண்ட ஓடைகளில் அரிசி மணி அளவுக்குத் தங்கத் துணுக்கு கிடைக்கிறது. எனக்குக் கிடைத்தது ஆணிகளும் ஈயமும்தான்.

இந்தப் பொழுதுபோக்கைப் பற்றிச் சொன்னதும் நம் ஆட்கள் கேட்கும் முதல் கேள்வி, "துப்பாக்கி எடுத்துக்கிட்டுப் போவீங்களா?" என்பதுதான். ஆமாம், எடுத்துப் போகிறேன். பதிலை அதோடு நிறுத்த மனம் வரவில்லை என்பதால்தான் இந்தப் பருவம் முழுக்க இதைப் பற்றியே குறித்து வைக்கப் போகிறேன்.

டிடெக்டரோடு நடக்கிற ஆளைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். காதில் ஹெட்போன். கண் தரையில். கால் மணி நேரத்துக்கு ஒருமுறை மண்டியிட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு குழி தோண்டுகிறார். வேட்டைக்காரரோ மலையேறுபவரோ இவ்வளவு நேரம் சுற்றுப்புறத்தை மறந்து இருப்பதில்லை. இடுப்பில் எது இருந்தாலும், பத்தடிக்குள் வந்த பிறகுதான் ஒன்றைப் பார்க்கிறோம் என்றால் அது உதவப் போவதில்லை. அதனால் நான் ஒரு காதைத் திறந்தே வைக்கிறேன். மிக மெல்லிய சத்தங்கள் சில தப்பிப் போகும், போகட்டும். ஒவ்வொரு குழியையும் மூடியதும் எழுந்து நின்று ஒரு முழுச் சுற்று திரும்பிப் பார்க்கிறேன். துப்பாக்கி வாங்குவதற்கு முன்பே பழக வேண்டியது இதுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

நவம்பர் 16, 2024, சனி

எங்கே மாட்டுவது என்பது கேட்பதற்குச் சின்ன விஷயம். களத்தில் அது பெரிய விஷயம்.

இன்று ஒரு குழியில் நடந்ததை அப்படியே எழுதுகிறேன். நல்ல, மெதுவான சத்தம். நாலு அங்குல ஆழம். மண்டியிட்டுத் தோண்டி, மண்ணை ஒரு பிளாஸ்டிக் கரண்டியில் அள்ளி, தரையில் கிடக்கும் காயிலின் (டிடெக்டரின் அடியில் உலோகத்தை உணரும் வட்டத் தட்டு) மேல் கொண்டுபோய்ப் பார்க்க வேண்டும். கரண்டியில் இருந்தால் கத்தும், இல்லாவிட்டால் கத்தாது. அந்த நேரத்தில் காயில் என் தொடைக்குப் பக்கத்தில் கிடக்கிறது. என் கூட வந்த நண்பர் வலது இடுப்பில் பிஸ்டல் மாட்டியிருந்தார். அவர் குனியும்போதெல்லாம் அவருடைய டிடெக்டர் அலறியது. கரண்டியில் இருப்பது கத்துகிறதா, இடுப்பில் இருப்பது கத்துகிறதா என்று பிரித்தறிய முடியாமல் ஒவ்வொரு முறையும் நகர்ந்து உட்கார்ந்தார். இரும்பு முனை வைத்த பூட்ஸ் செய்யும் அதே தொல்லை.

இன்னொன்று உண்டு. டிடெக்டரின் கைத்தாங்கியில் முன்கையை வைத்துப் பட்டையால் கட்டிக்கொள்கிறோம். கனமான கருவியாக இருந்தால் தோள்பட்டையிலிருந்து ஒரு ரப்பர் கயிறும் தொங்கும். வலது கை இப்படி மாட்டிக்கொண்டிருக்கும்போது வலது இடுப்பில் துப்பாக்கி இருந்து என்ன பயன்? தண்ணீர்ப் பையின் இடுப்பு வார் வேறு அதை மூடிவிடும்.

நான் மார்பில் மாட்டும் ஹோல்ஸ்டர் எனும் துப்பாக்கி உறைக்கு மாறியதற்கு இவைதான் காரணம். காயிலிலிருந்து தூரம், மண்ணிலிருந்து தூரம், எந்த வாரும் மறைக்காது. விசையை முழுக்க மூடி, தானாக நழுவாமல் பிடித்து வைக்கும் ஹோல்ஸ்டர் மட்டுமே சரி. குனிவதும் நிமிர்வதும்தான் நாள் முழுக்க வேலை. காயிலை இடது கையால் வீசவும் பழகிவிட்டேன். முதலில் தோள் வலித்தது, இப்போது பழகிவிட்டது.

நவம்பர் 29, 2024, வெள்ளி

நேற்று விருந்துக்கு ஒரு நண்பர் தம்பதி வந்திருந்தார்கள். கணவருக்கு டிடெக்டர் ஆசை வந்துவிட்டது. "அண்ணா, நானும் ஒரு பிஸ்டல் வாங்கிடலாமா?" என்றார். எச்-1பி விசாவில் இருக்கிறார்.

"வேண்டாம் தம்பி, முதல்ல இதைக் கேளுங்க" என்று உட்கார வைத்துச் சொன்னேன். அமெரிக்காவில் எல்லோரும் துப்பாக்கி வைத்திருக்கலாம் என்று நம்மவர்கள் பலர் நினைக்கிறார்கள். கிரீன் கார்டு உள்ளவர்கள் வைத்திருக்கலாம். எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதையே கூட்டாட்சிச் சட்டம் தடை செய்கிறது. முறையான வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. ஆனால் குடியேற்ற வழக்கறிஞரிடம் கேட்காமல் அதை நம்பி இறங்கக் கூடாது. 2022-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு இந்தக் குற்றத்துக்கு 15 ஆண்டு வரை சிறை. விசா போவது தனி. அவர் என்னோடு வரும் நாட்களில் என் துப்பாக்கி என் உடம்பிலேயே இருக்கும், அவரைத் தனியாக விட்டுப் போகும் காரில் இருக்காது. அவர் முகம் வாடியது. ஆனாலும் இதைச் சொல்லாமல் விடுவது நட்பு இல்லை.

மாநிலச் சட்டம் அப்புறம் வருகிறது. அரிசோனாவில் 2010 முதல், சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கத் தகுதியுள்ள 21 வயதானவர் உரிமம் இல்லாமலேயே மறைத்து எடுத்துச் செல்லலாம். காவலர் கேட்டால் உண்மையைச் சொல்லியாக வேண்டும். குவார்ட்ஸ்சைட் ஊரிலிருந்து மேற்கே போய் கொலராடோ ஆற்றைத் தாண்டினால் கலிபோர்னியா. அங்கே இந்தக் கதை செல்லாது, வேறு மாநில உரிமத்தை அவர்கள் ஏற்பதில்லை. ஆற்றுக்கு இந்தப் பக்கமே ஒதுக்குப்புறமாக நிறுத்தி, தோட்டாக்களை எடுத்துவிட்டு, பூட்டிய பெட்டிக்குள் வைத்த பிறகே பாலத்தில் ஏறுகிறேன்.

தேசியப் பூங்காக்களில் நிலைமை தலைகீழ். 2010 பிப்ரவரி முதல் அந்தந்த மாநிலச் சட்டப்படி துப்பாக்கி கொண்டு போகலாம், ஆனால் மெட்டல் டிடெக்டர் கூடாது. கடந்து போவதாக இருந்தால் பயன்படுத்த முடியாதபடி மூட்டை கட்டி வண்டிக்குள் வைத்திருக்க வேண்டும். நாம் தேடுவதெல்லாம் பெரும்பாலும் பி.எல்.எம். எனப்படும் கூட்டாட்சி நில மேலாண்மைத் துறையின் பொது நிலத்தில். அங்கேயும் நூறு ஆண்டைத் தாண்டிய தொல்பொருளை எடுக்கக் கூடாது, 1979-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. பழைய சுரங்க முகாமில் ஒரு விளக்கு மூடி கிடைத்தாலும் வைத்த இடத்திலேயே வைத்துவிட்டு வருவேன். இதில் எனக்கு மறுபேச்சே கிடையாது.

டிசம்பர் 14, 2024, சனி

பாம்பு, மலைச் சிங்கம் (பூமா) என்று பேசினாலும் துப்பாக்கி எடுத்துப் போகிறவர்களின் மனதில் இருப்பது மனிதர்கள்தான். இன்று அப்படி ஒன்று.

ஓடையில் இறங்கித் தேடிக்கொண்டிருந்தபோது நாலு சக்கர வண்டியில் இருவர் வந்து மேலே நிறுத்தினார்கள். இருவர் இடுப்பிலும் துப்பாக்கி தெரிந்தது. இது தங்கள் கிளெய்ம், யாரைக் கேட்டு இறங்கினாய் என்றார்கள். கிளெய்ம் என்றால் 1872-ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டத்தின்படி பதிந்து வைத்த கனிம உரிமை. நிலம் அரசுடையது, அதிலுள்ள தங்கம் பதிந்தவருடையது. அவர் அனுமதி இல்லாமல் அங்கே தேடி எடுப்பது திருட்டு. அதனால் புறப்படும் முன் பதிவேட்டில் எல்லை பார்த்து, வரைபடத்தில் குறித்துத்தான் போகிறேன்.

டிடெக்டரை அணைத்தேன். ஹெட்போனைக் கழற்றினேன். இரண்டு கைகளும் தெரியும்படி வைத்துக்கொண்டு, "உங்கள் எல்லைக் கம்பம் எங்கே இருக்கிறது, காட்டுங்கள், நான் குறித்துக்கொள்கிறேன்" என்றேன். பையிலிருந்து வரைபடம் எடுக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் பைக்குள் கை விட்டேன். அவர்கள் காட்டிய கம்பத்துக்கு இந்தப் பக்கம்தான் நான் நின்றிருந்தேன் என்று வரைபடம் சொன்னது. அதை ஒருமுறை சொன்னேன். ஏற்கவில்லை. சரி என்று தோண்டிய குழியை மூடிவிட்டுக் கிளம்பினேன்.

என் பக்கம் நியாயம் இருந்தது. இருந்தும் அந்த இடத்தில் வாதாடுவதில் அர்த்தமே இல்லை. மூன்று துப்பாக்கிகள் கூடி நிற்கும் இடத்தில் குரல் உயர்வதே ஆபத்து. என்னிடம் ஆயுதம் இருக்கிறது என்பதால் நான் மற்றவர்களைவிட முன்னதாகவே விட்டுக்கொடுக்க வேண்டியவன். நிலத் தகராறில் மிரட்டுவதற்காகத் துப்பாக்கியைத் தொட்டால் அந்த நிமிடத்திலிருந்து நான்தான் குற்றவாளி. உயிருக்கு உடனடி ஆபத்து, விலகிப் போக வழியில்லை, இந்த இரண்டும் சேர்ந்தால் மட்டுமே என்று எனக்கு நானே எல்லை வைத்திருக்கிறேன். அதை வீட்டில் உட்கார்ந்து தீர்மானித்திருந்ததால்தான் இன்று கை நடுங்கவில்லை.

ஜனவரி 11, 2025, சனி

தங்கமும் ஈயமும் டிடெக்டருக்கு ஒரே மாதிரிதான் கேட்கும். இன்று தோண்டியதில் பாதிக்கு மேல் நசுங்கிய குண்டுகளும் வெற்றுத் தோட்டாக்களும். தரையிலேயே எழுதி வைத்த எச்சரிக்கை இது. பொது நிலத்தில் எங்கு வேண்டுமானாலும் இலக்கு வைத்துச் சுட்டுப் பழகும் ஆட்கள் உண்டு. ஓடைப் பள்ளத்தில் காக்கிச் சட்டை போட்டு மண்டியிட்டிருக்கும் ஒருவரை அவர்களால் பார்க்க முடியாது. புதிய, பளபளக்கும் தோட்டா உறைகள் குவிந்து கிடந்தால் நான் அங்கே நிற்பதில்லை. மற்ற எல்லா இடங்களிலும் ஆரஞ்சு நிறத் தொப்பியும் மேல்சட்டையும் போட்டுக்கொள்கிறேன். என் துப்பாக்கியைவிட அந்தத் தொப்பி எனக்குப் பெரிய காவல் என்று உண்மையாகவே நம்புகிறேன்.

பௌஸ், ஹைடர் பக்கம் போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 1942 முதல் 1944 வரை அங்கெல்லாம் அமெரிக்க ராணுவத்தின் ஜெனரல் பேட்டன் தொடங்கிய பாலைவனப் பயிற்சி முகாம்கள் இருந்தன. வெடிக்காத குண்டுகள் இன்னும் மண்ணுக்குள் உண்டு. துடுப்பு போன்ற வாலோ, உருளையான துருப்பிடித்த முனையோ தெரிந்தால் தொடாமல், வந்த தடத்திலேயே பின்வாங்கி, இடத்தைக் குறித்துக்கொண்டு 911-ஐ அழையுங்கள்.

பிப்ரவரி 15, 2025, சனி

இன்று பழைய சுரங்கக் குழி ஒன்றின் வாயில் தேனீக்களின் ரீங்காரம் கேட்டுத் திரும்பிவிட்டேன். ஆப்பிரிக்கக் கலப்புத் தேனீ அரிசோனாவுக்கு வந்தது 1993-இல். கூட்டமாகத் துரத்தும். முகத்தை மூடிக்கொண்டு நேராக வண்டியை நோக்கி ஓடி, ஏறிக் கதவைச் சாத்துவதுதான் வழி. சுரங்கக் குழியின் விளிம்பு இடிந்து விழும். கால் உடைந்தால், தண்ணீர் தீர்ந்தால், வெயில் அடித்தால் துப்பாக்கி வெறும் சுமை. அதனால் பை கனமானால் நான் முதலில் விட்டுப் போகும் பொருள் துப்பாக்கிதான். தண்ணீரும் செயற்கைக்கோள் வழி அவசரச் செய்தி அனுப்பும் கருவியும் ஒருபோதும் வண்டியில் தங்காது. எங்கே போகிறேன், எத்தனை மணிக்குள் செய்தி வர வேண்டும் என்று வீட்டில் எழுதி வைத்துவிட்டுத்தான் கிளம்புகிறேன்.

மார்ச் 8, 2025, சனி

பாம்புகள் வெளியே வரத் தொடங்கிவிட்டன. கிரியோசோட் எனும் பாலைவனப் புதர் ஒன்றின் நிழலுக்குள் காயிலை நீட்டப் போனேன். திறந்திருந்த காதில் வாலை ஆட்டி எச்சரிக்கும் கிலுகிலுப்பைப் பாம்பின் (ராட்டில்ஸ்னேக்) சத்தம், எண்ணெய் கொதிப்பது போல. நின்றேன். காயிலுக்கு ஒரு முழம் தள்ளிச் சுருண்டிருந்தது. தலை உயர்ந்து, வால் நுனி மங்கலாகத் தெரியும் வேகத்தில் ஆடிக்கொண்டிருந்தது. காயிலை மெதுவாக இழுத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தேன். பத்தடி தாண்டியதும் சத்தம் நின்றது. வேறு ஓடைக்குப் போனேன்.

சுட்டிருக்கலாமே என்று நண்பர் கேட்டார். எதற்கு? அதன் பாய்ச்சல் பெரும்பாலும் உடல் நீளத்தில் பாதி அளவுதான். விலகிய பிறகு அதனால் எனக்கு ஒரு ஆபத்தும் இல்லை. பாறைத் தரையில் சுட்டால் குண்டு எங்கே தெறிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. கடித்துவிட்டாலோ, கத்தியால் கீறுவதும் உறிஞ்சுவதும் இறுகக் கட்டுவதும் ஐஸ் வைப்பதும் கூடாது. மோதிரம், கடிகாரத்தைக் கழற்றிவிட்டு மருத்துவமனை, அங்கே விஷமுறிவு மருந்து. பாம்புக்காக நான் செலவழித்த பணம் முழங்கால் வரை மூடும் தடித்த கால்காப்புக்குத்தான், அதில் எனக்கு வருத்தமே இல்லை.

மார்ச் 22, 2025, சனி

இன்று களத்துக்குப் போகவில்லை. துப்பாக்கியைக் கழற்றிச் சுத்தம் செய்தேன். மாவு போன்ற தூசி எண்ணெயோடு சேர்ந்து சறுக்குப் பகுதியில் பசையாக ஒட்டியிருந்தது. மார்பில் மாட்டியும் இவ்வளவு. இப்படி விட்டால் தேவைப்படும் நேரத்தில் சிக்கிக்கொள்ளும். இனி ஒவ்வொரு முறை திரும்பி வந்ததும் துடைப்பது, எண்ணெயை மிகக் குறைவாகப் போடுவது.

மதியம் பயிற்சி மையத்துக்குப் போனேன். நின்று சுடுவதில் எனக்குக் குறையில்லை. பயிற்றுநரிடம் கேட்டு, மண்டியிட்ட நிலையிலிருந்து, தோண்டும் கையுறையோடு, இடது கையிலிருந்த கருவியைக் கீழே போட்டுவிட்டு எடுப்பதைப் பழகினேன். முதலில் தோட்டா இல்லாமல், மெதுவாக. தடித்த கையுறை விசைக் காப்புக்குள் சரியாக நுழையவில்லை. விரல் நுனி மெல்லியதாக உள்ள ஒன்றை வாங்க வேண்டும். ஏப்ரல் தாண்டினால் வெயில் ஏறிவிடும், அதற்குள் ரிச் ஹில் பக்கம் இன்னொரு முறை போக எண்ணம். கையுறை வந்து சேர்ந்து, அதோடு பழகிய பிறகுதான்.