கண்மாய்க் கரையில் நடத்த வேண்டிய வரைபடப் பயிற்சி

மூன்று நாள் பயிற்சி ஒன்றில் க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளைக் கற்றுக்கொண்டேன். அதற்கப்புறம் எங்கள் ஒன்றியத்து ஆசிரியர்களுக்கு நானே இரண்டு முறை வகுப்பெடுத்தேன். மதுரைப் பக்கத்துக் கண்மாய்கள்தான் எங்கள் பாடம். சுற்றுச்சூழல் மன்றத்துக்காக இதில் இறங்கப்போகும் ஆசிரியர்களுக்கு உதவும் என்பதால் எழுதுகிறேன்.

முதல் முறை நேரடியாக மென்பொருளில் தொடங்கினேன். மதியத்துக்குள் பாதிப்பேர் சோர்ந்துவிட்டார்கள். இரண்டாவது முறை கூகுள் எர்த் ப்ரோவைத் திறந்து, "உங்கள் ஊர்க் கண்மாயைக் கண்டுபிடியுங்கள், பழைய படங்களையும் பாருங்கள்" என்று மட்டும் சொன்னேன். பத்து நிமிடத்தில் அறை கலகலப்பாகிவிட்டது. கூகுள் எர்த் ப்ரோ இலவசம், மேலே இருக்கும் கடிகாரப் படத்தைத் தட்டினால் பழைய ஆண்டுகளின் படங்கள் வரும்.

ஒரு டீச்சர் கோடைகாலப் படத்தைப் பார்த்து, "எங்க கண்மாய் நல்லா பச்சையா இருக்கே!" என்று சந்தோஷப்பட்டார். பக்கத்திலிருந்த அதே ஊர் சார், "டீச்சர், அது பூராவும் சீமைக்கருவேலம்" என்றார். மேலிருந்து பார்த்தால் நெல்லும் பச்சை, கருவேலமும் பச்சை, ஆகாயத்தாமரையும் பச்சை. மறுநாள் காலை அந்தப் படத்தை அச்செடுத்துக்கொண்டு அந்தக் கரைக்கே போனோம். பயிற்சியில் எதைக் குறைத்தாலும் இந்த நடையை மட்டும் குறைக்காதீர்கள்.

படங்களை ஒப்பிடும்போது மாதத்தைப் பாருங்கள். வடகிழக்குப் பருவமழை முடிந்த ஜனவரிப் படத்தையும் மே மாதப் படத்தையும் பக்கத்தில் வைத்தால் எந்தக் கண்மாயும் அழிந்துபோனது போலத்தான் தெரியும். அதே மாதத்தை எடுத்தாலும் ஆண்டைக் கவனிக்க வேண்டும். 2016இல் பருவமழை மோசமாகப் பொய்த்தது. 2017 ஜனவரிப் படம் ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு ஆக்கிரமிப்பு என்று முடிவுகட்டிவிடக் கூடாது.

கரையில் மடை, கலுங்கு (மிகைநீர் வழியும் இடம்), வரத்துக்கால் சேருமிடம் ஆகியவற்றைச் செல்போனில் புள்ளியாகக் குறித்தோம். திறந்த வெளியில் சுமார் 5 மீட்டர் பிசகும், மரத்தடியில் இன்னும் கூடும். அதனால் ஒரு நிமிடம் அசையாமல் நின்று குறிக்கச் சொல்லுங்கள். க்யூஜிஐஎஸ்ஸில் ஏற்றும்போது எக்ஸ் என்பது தீர்க்கரேகை, ஒய் என்பது அட்சரேகை. மாற்றிக் கொடுத்த ஒருவருக்குக் கண்மாய் நார்வேக்கு வடக்கே ஆர்க்டிக் கடலில் போய் விழுந்தது. பரப்பளவு கணக்கிடும் முன், பாகைக்குப் பதில் மீட்டரில் அளக்கும் யூடிஎம் மண்டலத்துக்கு மாற்றிக்கொள்வது நல்லது. மென்பொருளில் கொடுக்க வேண்டிய மண்டலக் குறியீட்டெண் மதுரைக்கு இபிஎஸ்ஜி 32644. 78 பாகைத் தீர்க்கரேகைக்கு மேற்கே இருக்கும் திண்டுக்கல் நகருக்கு 32643. பக்கத்து மாவட்டம்தானே என்று ஒரே எண்ணைப் போட்டுவிட வேண்டாம்.

கலுங்கருகே, முன்பு மடை திறந்துவிடும் வேலை பார்த்த பெரியவர் ஒருவர் நின்றிருந்தார். படத்தைக் காட்டினோம். வரத்துக்காலின் குறுக்கே சாம்பல் நிறத்தில் மெல்லிய கோடாகத் தெரிந்த சாலைமீது விரலை வைத்தார். "இந்தத் தார்ரோட்டுக்கு அடியில போட்ட குழாய் சின்னது. மண்ணு அடைச்சுப்போச்சு. அதுக்கப்புறம் தண்ணி இங்கிட்டு வர்றதில்ல" என்றார். போய்ப் பார்த்தோம். குழாய் வாய் முக்கால்வாசி மண்ணால் மூடியிருந்தது. எத்தனை தெளிவான செயற்கைக்கோள் படமாக இருந்தாலும் ரோட்டுக்கு அடியில் இருப்பதைக் காட்டாது. அந்தப் புள்ளிக்கு அவர் சொன்னதையே குறிப்பாக எழுதிச் சேர்த்தோம். எங்கள் வரைபடத்தில் எனக்கு மிகவும் பிடித்த புள்ளி அதுதான்.

பள்ளியில் இணையம் மெதுவாக இருந்தால் தயங்க வேண்டாம். படத்தை ஏ3 தாளில் அச்செடுத்து, மேலே பட்டர் பேப்பர் வைத்துப் பிள்ளைகளை வரையச் சொல்லுங்கள். ஒரு ஆண்டுக்கு ஒரு தாள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்க்கும்போதே, வரைபட மென்பொருளில் அடுக்குகள் என்றால் என்ன என்பது அவர்களுக்குப் புரிந்துவிடுகிறது. கரைக்குப் பிள்ளைகளைத் தண்ணீர் வற்றிய மாதங்களில் மட்டும் அழைத்துப் போங்கள்.

இன்னொன்று, எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுவது. நீர்ப்பிடிப்புக்குள் வீடுகள் இருந்தால் பிள்ளைகள் அதையும் குறிப்பார்கள். குறிக்கட்டும். ஆனால் யார் வீடு என்று பெயர் எழுத விடாதீர்கள். அந்த வீட்டுப் பிள்ளை உங்கள் வகுப்பிலேயே மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கலாம்.