அந்தப் பொலிசி எப்ப எழுதினது?

"அந்தப் பொலிசி எப்ப எழுதினது அக்கா?" எண்டு எங்கட டேகெயரின்ர வெயிட்டிங் லிஸ்டில நிண்ட ஒரு அம்மா கேட்டவா. ஆற்ற பிள்ளைக்கு முன்னுரிமை எண்ட பொலிசியைத்தான் அவா கேட்டது. நான் மழுப்பேல்லை. பெப்ரவரியில எண்டு உள்ளதைச் சொன்னன். உண்மையைச் சொன்ன பிறகும் ஏன் இந்தக் கேள்வி என்னை விடாமல் குடையுது எண்டு எனக்கு விளங்கேல்லை, அதாலதான் இதை எழுதுறன்.

டேகெயரில வேலை செய்யிற ஆக்களுக்கு இது தெரிஞ்ச கதைதான். எங்கட டொட்லர் ரூமுக்கு லைசென்ஸ் 15 பிள்ளையளுக்கு. ஒன்றரை வயசில இருந்து ரெண்டரை வயசு வரைக்கும் அஞ்சு பிள்ளைக்கு ஒராள் நிக்கவேணும் எண்டது கனடாவில எங்கட ஒன்ராறியோ மாகாணச் சட்டம், அப்ப 15 பிள்ளை எண்டால் மூண்டு பேர் வேணும். எங்களிட்ட இருந்தது ரெண்டு பேர். அதால பத்துப் பிள்ளையளை மட்டும் வைச்சிருந்தம், மிச்ச அஞ்சு கட்டிலும் சுவரோரமா ஒண்டுக்கு மேல ஒண்டா அடுக்கிக் கிடந்தது. வெளியில வெயிட்டிங் லிஸ்ட் பக்கம் பக்கமா. 2022 மார்ச்சில டேகெயர் ஃபீஸைக் குறைக்கிற திட்டத்துக்கு ஒன்ராறியோ மத்திய அரசாங்கத்தோட சைன் பண்ணின பிறகு ஃபீஸ் படிப்படியா இறங்கி, 2025 ஜனவரியில இருந்து ஒரு நாளைக்கு 22 டொலருக்கு மேல இல்லை எண்டு வந்திட்டுது. முந்தி கைக்குழந்தைக்கு மாசம் 1500 டொலருக்கு மேல கட்டின குடும்பங்களை எனக்குத் தெரியும். அப்ப லிஸ்டில பேர் போடவே யோசிச்ச சனம் இப்ப வயித்தில பிள்ளை இருக்கேக்கயே வந்து பேர் குடுக்குது. அதில ஒரு பிழையும் இல்லை, இந்தத் திட்டமே அந்தச் சனத்துக்காகத்தான். ஆனா ஃபீஸைக் குறைச்ச வேகத்தில ஆக்களை உருவாக்கேல்லையே.

சம்பளத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிப்போட்டுப் போறன். ரெஜிஸ்டர் பண்ணின ஈசிஈ ஆக்களுக்கு, அதாவது சின்னப் பிள்ளையளைப் பாக்கிறதுக்கெண்டு படிச்ச ஆசிரியைமாருக்கு, மணித்தியாலத்துக்கு ஆகக் குறைஞ்சது 18 டொலர் எண்டு 2022 ல வைச்சு, 2024 ல அதை 23.86 ஆக்கினவை. நல்ல விசயம்தான். ஆனா அசிஸ்டன்ட் ஆக்களுக்கு அந்த அடிமட்டம் இல்லை. நாள் முழுக்க குனிஞ்சு நிமிந்து, பம்பர்ஸ் மாத்தி, மூக்குத் துடைச்சு, பின்னேரம் முதுகு நோவோட பஸ் ஏறுற வேலைக்கு ஆக்கள் வாறதில்லை எண்டு சொன்னால், ஏன் வரோணும் எண்டு நான் திருப்பிக் கேப்பன்.

இப்பிடி இருக்கேக்கதான் ஒரு அம்மா மகனின்ர பேரை லிஸ்டில போட வந்தவா. நான் ஃபோமை எடுத்துக்கொண்டு வரேக்க அவா கண்ணாடிக்குள்ளால டொட்லர் ரூமைப் பாத்துக்கொண்டு நிண்டவா. உள்ளுக்க ஒரு பிள்ளை மற்றப் பிள்ளையைக் கடிக்கப் போகுது, எங்கட ஸ்டாஃப் இன்னும் காணேல்லை, இவா கண்ணாடியில மெல்லமாத் தட்டினவா, பிள்ளை திரும்பிப் பாத்திட்டு கடிக்கிறதை மறந்திட்டுது. நான் அந்த இடத்திலயே கேட்டன், "நீங்கள் என்ன வேலை செய்தனீங்கள்?" ஊரில மொன்டிசோரி படிச்சு பாலர் பாடசாலையில படிப்பிச்சவவாம். இஞ்ச வந்து ஒண்டும் செய்யேல்லை. ஏனெண்டால் பிள்ளையை ஆரிட்ட விடுறது?

எங்களுக்கு ஆள் இல்லாததால அவாவின்ர பிள்ளைக்கு இடமில்லை, அவாவின்ர பிள்ளைக்கு இடமில்லாததால எங்களுக்கு ஆளில்லை. இதை எங்க வெட்டுறது எண்டு அண்டைக்கு இரவு முழுக்க யோசிச்சன். டொட்லர் ரூமில மூண்டு பேரில ஒராள் குவாலிஃபைட்டா இருந்தால் சட்டத்துக்குக் காணும், எங்களிட்ட ஏற்கனவே இருக்கு. அப்ப இவாவை அசிஸ்டன்டா எடுக்கலாம். பொலிஸ் செக், ஃபெஸ்ட் எய்ட், ஊசி ரிப்போட், அவ்வளவுதான். தடை ஒண்டே ஒண்டுதான், லிஸ்டில அவாவின்ர மகன் கடைசி.

எங்கட சென்ரருக்கு முதலாளி இல்லை. பெற்றோர்தான் நடத்துகினம். பிள்ளை படிக்கிற குடும்பங்கள் மெம்பர்மார், அவைக்குள்ள இருந்து தெரிஞ்செடுத்த ஆக்கள்தான் போர்ட். நான் அவைக்கு ஒரு பக்கத்தில எழுதிக் குடுத்தன், ஸ்டாஃபின்ர பிள்ளையளுக்கு முன்னுரிமை எண்டு பொலிசியில ஒரு வரி சேர்த்தால் ஒரு ஆள் கிடைக்கும், ஆள் கிடைச்சால் அஞ்சு இடம் திறக்கும், அதில நாலு லிஸ்டுக்குப் போகும் எண்டு. வேற கன சென்ரர்களிலயும் இது இருக்கு, நான் புதுசாக் கண்டுபிடிச்சதில்லை. இரவு எட்டு மணிக்கு, பிள்ளையளைப் படுக்கப் போட்ட பிறகு சூமில கூட்டம். பத்து நிமிசத்தில எல்லாரும் ஓம் எண்டு கை தூக்கிச்சினம். ஒராள் மட்டும் கேட்டவர், லிஸ்டில இருக்கிற ஆக்களுக்கு இதைத் தனியா அறிவிக்க வேணுமோ எண்டு. ஹான்ட்புக்கில போட்டால் காணும் எண்டு போர்ட் தலைவி சொன்னவா. சட்டப்படி அது சரிதான். எனக்கு அங்க வோட் இல்லை.

மார்ச்சில அஞ்சு கட்டிலும் சுவரோரத்தில இருந்து கீழ வந்திட்டுது. லிஸ்டில முதல் நாலு பேருக்கும் நானே கோல் எடுத்தன். நாலாவது பிள்ளையின்ர அம்மா ஃபோனில அழுதவா, சந்தோசத்தில. அவாவின்ர லீவ் முடிய ரெண்டு கிழமைதான் இருந்ததாம்.

பிறகுதான் அஞ்சாவது.

அவா ஒரு பின்னேரம் ஸ்ரோலரைத் தள்ளிக்கொண்டு வந்தவா. நல்ல குளிர். கதவுக்கும் கதவுக்கும் இடையில இருக்கிற அந்தச் சின்ன இடத்தில, பெற்றோர் எல்லாம் பிள்ளையளுக்கு ஸ்னோ பான்ட்ஸ் மாட்டிக்கொண்டு நிக்கிற நேரம். "அக்கா, நான் அஞ்சு எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள். அஞ்சு பிள்ளையள் எடுத்திருக்கிறியள் எண்டு கேள்விப்பட்டன்" எண்டு சொன்னவா. குரலில கோவம் இல்லை. ஏதோ ஈமெயில் தவறிப்போச்சுதாக்கும், அதைக் கேட்டுப் பாப்பம் எண்டு வந்த மாதிரித்தான் இருந்தது.

லிஸ்டில எத்தினையாவது எண்டு கேட்டால் சொல்லத்தான் வேணும், மற்றப் பிள்ளையளின்ர விபரம் சொல்லேலாது. ரெண்டும் சட்டம். நான் சொன்னன், "பொலிசியில முன்னுரிமை இருக்கிற ஆக்கள் இருக்கினம் தங்கச்சி, ஹான்ட்புக்கில இருக்கு." அவா கொஞ்ச நேரம் யோசிச்சுப்போட்டுத்தான் அந்தக் கேள்வியைக் கேட்டவா. நான் பெப்ரவரி எண்டன். "நான் பேர் குடுத்தது அதுக்கு முதல் வருசம்" எண்டு சொன்னவா. நான் உடன, "இப்ப நீங்கள்தான் முதலாவது" எண்டு சொன்னன். அவா குனிஞ்சு பிள்ளையின்ர ஜக்கட் சிப்பைக் கழுத்து மட்டும் இழுத்து விட்டவா. ஏற்கனவே அது மேலதான் இருந்தது. "சரி அக்கா" எண்டிட்டுப் போட்டா.

திரும்பத் திரும்ப நான் கணக்குப் பாக்கிறன். அந்த வரியை எழுதாமல் விட்டிருந்தால் அந்த மாசம் ஒரு பிள்ளைக்கும் இடம் கிடைச்சிருக்காது. அவாவும் அஞ்சாவதாவே இருந்திருப்பா. எழுதினதால நாலு பிள்ளை உள்ளுக்க, அவா அஞ்சில இருந்து ஒண்டுக்கு வந்திட்டா. ஒருத்தரிட்ட இருந்தும் ஒண்டும் பறிக்கேல்லை. இதை ஆருக்கும் நான் விளங்கப்படுத்துவன், அவாவுக்கும் விளங்கப்படுத்தியிருப்பன், ஆனா அதுக்கு அந்த அஞ்சாவது பிள்ளை ஆற்ற பிள்ளை எண்டு சொல்லவேணும், அதை நான் சொல்லக்கூடாது. ரூமில மூண்டாவதா ஒரு புது முகம் நிக்குது, அதின்ர பிள்ளையும் அங்கதான், ரெண்டு நாள் கண்ணாடிக்குள்ளால பாத்தால் எவருக்கும் தெரியும். எண்டாலும் என்ர வாயால வரக்கூடாது.

ஆனா அவா என்னட்டக் கணக்குக் கேக்கேல்லையே. அவா கேட்டது திகதியை. வரிசையில நிண்டுகொண்டிருக்கேக்க வரிசையின்ர விதியை மாத்தினது ஆர், மாத்தேக்க எங்களுக்கு ஒரு வார்த்தை சொன்னீங்களா எண்டதுதான் அந்தக் கேள்விக்குள்ள இருந்தது. அதுக்கு என்னட்ட இருக்கிற பதில், "ஹான்ட்புக்".

இவ்வளவு வருசம் வேலை செய்தும் நான் யோசிக்காத ஒண்டு இதில எனக்குத் தெரிய வந்தது. எங்கட சென்ரரை சமூகமே நடத்துது எண்டு நான் பெருமையாச் சொல்லுறனான், இப்பவும் சொல்லுவன், லாபத்துக்கு நடத்திற இடங்களையும் பாத்தவள் நான். ஆனா அந்த சமூகம் எண்டது உள்ளுக்க வந்த ஆக்கள். வோட் போட்ட ஒருத்தரின்ர பிள்ளையும் லிஸ்டில இல்லை. அவை சுயநலக்காரர் எண்டு நான் சொல்ல வரேல்லை, அந்த முடிவால அவைக்கு ஒரு சத லாபமும் இல்லை. நல்ல மனசோடதான் கை தூக்கினவை. எண்டாலும் அஞ்சாவதா நிண்டவா அந்தச் சூமில இருந்திருந்தால் பத்து நிமிசத்தில முடிஞ்சிருக்குமோ? முடிவு அதேதான் வந்திருக்கும் எண்டுதான் நான் நினைக்கிறன். அவாவே ஓம் எண்டு சொல்லியிருக்கவும் கூடும். அது வேற, கதவடியில நிண்டு கேள்விப்படுறது வேற.

புதுசா வந்தவாவைப் பற்றியும் சொல்லவேணும், சொல்லாட்டி நியாயமில்லை. முதல் கிழமையே ஒரு பெடியன் காலமை வந்து கோட்டைக் கழட்ட விடமாட்டன் எண்டு கத்தினவன். நாங்கள் எல்லாம் கெதியாக் கழட்டி வட்டத்தில இருத்தப் பாப்பம், ஒன்பது மணிக்கு ஸ்நாக் குடுக்கவேணுமே. இவா நிலத்தில அவனுக்குப் பக்கத்தில இருந்து, கோட்டும் ஒரு பூட்ஸும் போட்டபடியே அவனை ஆப்பிள் துண்டு சாப்பிட விட்டவா. கொஞ்ச நேரத்தில அவனுக்கே வேர்த்து, தானாவே சிப்பை இழுத்தான். இவா தொடவே இல்லை. இவாவின்ர மகனும் அதே ரூம்தான், எங்களிட்ட வேற டொட்லர் ரூம் இல்லை, அவன் "அம்மா" எண்டு கூப்பிடுறதைக் கேட்டு இப்ப பாதிப் பிள்ளையள் இவாவை அம்மா எண்டுதான் கூப்பிடுதுகள், சைனீஸ் பிள்ளையும் பிலிப்பினோப் பிள்ளையும் உட்பட. தாய் மற்றப் பிள்ளையைத் தூக்கேக்க மகன் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய் புத்தக மூலையில இருக்கிறதையும் நான் பாக்கிறன். எல்லா ஒழுங்குக்கும் ஆரோ ஒரு விலை குடுக்கினம் போல.

என்னோட முந்தி வேலை செய்த ஒராளிட்ட இதைச் சொல்ல, "நீர் கூட யோசிக்கிறீர். பற்றாக்குறை இருக்கிற இடத்தில ஆரோ ஒருத்தர் வெளியில நிக்கத்தான் வேணும்" எண்டா. கியூபெக்கில 1997 ல நாளைக்கு அஞ்சு டொலர் எண்டு தொடங்கினவை, அங்கயும் பெற்றோர்தான் போர்டில பெரும்பான்மை, அங்கயும் லிஸ்ட் முடியேல்லை. அவா சொன்னதில உண்மை இருக்கு. ஆனா வெளியில நிக்கிற ஆளுக்கு முன்னால அந்த உண்மையைச் சொல்ல என்னால ஏலாது.

ரெண்டு யோசினை வந்தது. ஒண்டு, இனிமேல் முன்னுரிமை விதியை மாத்தினால் அது மாத்தின திகதிக்குப் பிறகு பேர் குடுக்கிற ஆக்களுக்கு மட்டும்தான் எண்டு எழுதி வைக்கிறது. நல்ல நியாயமாப் பட்டுது, எழுதவும் தொடங்கினன், பிறகு யோசிச்சுப் பாத்தால், இந்த விதி பெப்ரவரியில இருந்திருந்தால் நாங்கள் அந்தப் புது அசிஸ்டன்டை எடுத்திருக்கேலாது, அந்த நாலு பிள்ளையளும் இண்டைக்கும் வீட்டிலதான். அந்த ஃபோனில அழுத அம்மாவை நினைச்சன். எழுதினதை அழிச்சன். பிறகு திரும்ப எழுதினன். இப்பவும் அது என்ர டிராஃப்டிலதான் கிடக்குது, எனக்கே அது வேணுமோ வேண்டாமோ எண்டு தெரியேல்லை.

மற்றது, லிஸ்டில இருக்கிற ஒரு குடும்பத்துக்குப் போர்டில ஒரு இடம் குடுக்கிறது. எங்கட பைலோவில, அதாவது அமைப்பின்ர விதிகளில, மெம்பர் எண்டால் பிள்ளை படிக்கிற குடும்பம் எண்டுதான் இருக்கு. லாபநோக்கமில்லாத அமைப்புகளுக்கு ஒன்ராறியோவில 2021 ஒக்ரோபரில புதுச் சட்டம் வந்து, 2024 ஒக்ரோபருக்குள்ள பைலோ எல்லாத்தையும் திருத்தச் சொல்லி மூண்டு வருசம் தந்தவை. நாங்களும் இருந்து ஒவ்வொரு வரியாப் பாத்துத் திருத்தினம். அந்த நேரம் இது ஒருத்தருக்கும் தோன்றேல்லை. இப்ப மெம்பர் ஆர் எண்டதை மாத்திறதெண்டால் மூண்டில ரெண்டு பங்கு வோட் வேணும். பட்ஜெட், சம்பளம் எல்லாம் வெளி ஆக்களுக்கு முன்னால கதைக்கிறதோ எண்டு ரெண்டு பேர் ஏற்கனவே என்னட்டக் கேட்டிட்டினம். வெளி ஆக்கள் எண்டுதான் சொன்னவை.

கூட்டத்தில எனக்கு வோட் இல்லாட்டியும் அஜெண்டா எழுதிறது நான்தான். ஏஜிஎம் எண்ட வருசாந்தப் பொதுக்கூட்டத்தின்ர அஜெண்டாவில இதைப் பட்ஜெட்டுக்கு முன்னால போட்டிருக்கிறன், கடைசியில போட்டால் பிள்ளையைப் படுக்க வைக்கவேணும் எண்டு ஒவ்வொருத்தரா லப்டொப்பை மூடிப்போட்டுப் போயிடுவினம், மூண்டில ரெண்டு பங்குக்கு ஆக்களே இருக்காயினம்.