இந்தியக் குறிப்பை எழுதி நான் கோட்டை விட்ட கேள்வி
கிளிநொச்சியில் இருந்துகொண்டு தனியாகச் சட்டம் படிப்பவருக்குக் கைக்கு எட்டுகிற தமிழ்க் குறிப்புகளில் பெரும்பகுதி இந்தியாவுடையவை. பொலிஸ் விசாரணையில் சந்தேகநபருக்குள்ள பாதுகாப்புகள் பற்றிய பரீட்சைக் கேள்விக்கு 20(3), 22(1) என்று அடுக்கிவிட்டு வந்தேன். இரண்டும் இந்திய அரசியலமைப்பு. போதாததற்கு, மௌனமாக இருக்கலாம் என்று சந்தேகநபருக்குச் சொல்ல வேண்டும் என்ற அமெரிக்காவின் 1966 மிராண்டா தீர்ப்பு வேறு. புள்ளி எப்படி வரும்?

நமக்குரியவை இலங்கை அரசியலமைப்பின் உறுப்புரை 11, 13. சித்திரவதை கூடாது என்கிறது 11. கைதுக்கான காரணத்தைச் சொல்ல வேண்டும் என்பது 13(1). நீதிபதி முன் கொண்டுபோக வேண்டும் என்பது 13(2). அதற்கான 24 மணித்தியாலக் கெடு அரசியலமைப்பில் இல்லை, 1979 இன் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 37 ஆம் பிரிவில் இருக்கிறது. பயண நேரம் அதில் சேராது. 13(3) சொல்லும் சட்டத்தரணி நீதிமன்றத்தில் நடக்கும் வழக்கு விளக்கத்துக்குரியவர். பொலிஸ் நிலையத்தைப் பற்றி அதில் பேச்சில்லை. மௌனமாக இருக்கும் உரிமையும் அரசியலமைப்பில் எழுத்தில் இல்லை.

அப்படியானால் வாய்திறந்துவிட்ட ஆளைக் காப்பது எது? 1895 இன் சான்றுக் கட்டளைச் சட்டம். பொலிஸாரிடம் செய்த குற்ற ஒப்புதலை அவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது என்கிறது பிரிவு 25. அதற்கு விதிவிலக்கான 27 ஐ உதாரணத்தோடு எழுதுங்கள்: "நான்தான் குத்தினேன், கத்தியைக் கிணற்றடியில் புதைத்தேன்" என்று ஒருவர் சொல்லி, கத்தி அங்கே அகப்பட்டால், புதைத்த கதை மட்டும் சான்றாகும். குத்தினேன் என்பது வராது.

படித்ததை அம்மம்மாவுக்குச் சொல்லிப் பார்ப்பது என் வழக்கம். 25 ஐக் கேட்டுவிட்டு அவர், "பயங்கரவாதச் சட்டத்திலை பிடிச்ச பெடியளுக்கும் உது சரிவருமோ?" என்றார். வன்னியில் யாரிடம் சொன்னாலும் அடுத்த கேள்வி இதுதான். சரிவராது. 1979 இன் 48 ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 16 ஆம் பிரிவுப்படி, உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் செய்த ஒப்புதல் சான்றாகும். அது சுயவிருப்பில் சொன்னதல்ல என்று காட்டும் பொறுப்பும் குற்றஞ்சாட்டப்பட்டவரின் தலையில். என் கணிப்பில் முழுக் கேள்வியின் உயிரும் இங்கேதான்.

11, 13 மீறப்பட்டால் பரிகாரம் அரசியலமைப்பின் உறுப்புரை 126. ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றம் போக வேண்டும். இந்தியக் குறிப்பில் உயர் நீதிமன்றம் என்றால் மாநில நீதிமன்றம், நமக்கோ நாட்டின் அதியுயர்ந்தது. அங்கேயும் நான் வழுக்கினேன்.

இரண்டாம் தடவை 16 ஐக் கடைசிப் பக்கத்துக்கு வைக்காமல் 25 க்குக் கீழேயே எழுதினேன். நேரமும் மிஞ்சியது.