பாடாமல் கிடக்கும் ஐபாடும் அதன் பேட்டரியும்

ஐபாட் தயாரிப்பை ஆப்பிள் நிறுவனம் 2022 மே மாதத்தில் முடித்துக்கொண்டது. ஆயினும், அழைப்பும் அறிவிப்பும் குறுக்கிடாமல் பாட்டு கேட்க விரும்புகிறவர்கள் பழைய ஐபாடுகளை இன்றும் தேடி வாங்குகிறார்கள். நானும் 2005இல் வெளிவந்த ஐந்தாம் தலைமுறை ஐபாட் ஒன்றைத்தான் பயன்படுத்துகிறேன். இத்தகைய கருவிகளில் பெரும்பாலும் முதலில் கைவிடுவது பேட்டரி. அது பாடித் தேய்வதைக் காட்டிலும், மேசை இழுப்பறையில் பாடாமல் கிடந்து கெடுவதே மிகுதி என்பது என் எண்ணம்.

ஐபாடின் பேட்டரியில் இருப்பது லித்தியம் அயனி வகைக் கலம் (செல்). அதன் சராசரி மின்னழுத்தம் ஏறத்தாழ 3.7 வோல்ட், முழுதும் நிரம்பினால் 4.2 வோல்ட், 3 வோல்ட் அளவுக்கு இறங்கினால் தீர்ந்துவிட்டதாகக் கொள்ளலாம். சார்ஜ் ஏறும்போது முதற்கட்டத்தில் மின்னோட்டம் ஒரே அளவில் பாய்கிறது, 4.2 வோல்ட்டை எட்டியதும், பானையின் விளிம்பை நீர் நெருங்கும்போது ஊற்றும் கையைத் தளர்த்துவது போல, மின்னோட்டம் படிப்படியாகக் குறைக்கப்படுகிறது. முதல் 80 விழுக்காடு ஏற ஏறத்தாழ 2 மணி நேரம், முழுதும் ஏற 4 மணி நேரம் என்று ஆப்பிள் தன் கையேட்டில் குறிப்பிட்டதன் காரணம் இதுதான். இந்தக் கட்டுப்பாட்டைச் செய்யும் மின்சுற்று கருவிக்குள்ளேயே இருப்பதால், இரவு முழுவதும் செருகி வைத்தால் பேட்டரி ‘நிரம்பி வழிந்துவிடும்’ என்ற அச்சம் தேவையில்லை. ஆனால் நிரம்பிய நிலையிலேயே நெடுநேரம், அதுவும் சூட்டில், இருப்பது கலத்தை விரைவில் முதுமையடையச் செய்யும். இன்றைய கைப்பேசிகளில் இருப்பது போல 80 விழுக்காட்டில் நிறுத்தும் வசதி ஐபாடில் கிடையாது; ஆகவே கடிகாரத்தைப் பார்த்து, இரண்டு மணி நேரத்தில் கழற்றிவிடுவதே எளிய வழி.

முழுதும் தீர்த்துவிட்டுத்தான் சார்ஜ் போட வேண்டும் என்று இன்றும் சிலர் அறிவுறுத்துகிறார்கள். அது நிக்கல் காட்மியம் பேட்டரிகளின் காலத்து அறிவுரை. சோனி நிறுவனம் 1991இல் சந்தைக்குக் கொண்டுவந்த லித்தியம் அயனி வகைக்கு அது பொருந்தாது. பாதி இறங்கியதும் ஏற்றிக்கொள்வதுதான் இதற்கு நல்லது. இன்று பாதி, நாளை பாதி என இறக்கி ஏற்றினால் இரண்டும் சேர்ந்து ஒரே சுழற்சியாகத்தான் கணக்காகும். அத்தகைய 400 முழுச் சுழற்சிகளுக்குப் பிறகும் தொடக்கக் கொள்ளளவில் 80 விழுக்காடு வரை எஞ்சும்படி ஐபாட் பேட்டரிகளை வடிவமைத்ததாக ஆப்பிள் கூறியது. எப்போதாவது ஒருமுறை முழுதும் இறக்கி ஏற்றினால் திரையிலுள்ள பேட்டரிப் படம் சரியான அளவைக் காட்டும்; அதனால் பேட்டரிக்கு நலம் எதுவும் இல்லை.

இழுப்பறைக்கு வருவோம். பிளே பொத்தானை அழுத்திப் பிடித்தால் ஐபாட் அணைந்துவிடுவதாகத் தோன்றும். உண்மையில் அது உறங்கத்தான் செய்கிறது. உள்ளேயுள்ள கடிகாரமும் பாதுகாப்புச் சுற்றும் சிறிது சிறிதாக மின்சாரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஏற்கெனவே தீர்ந்துபோன கருவியை அப்படியே மாதக்கணக்கில் போட்டுவைத்தால், மின்னழுத்தம் பாதுகாப்பான எல்லைக்கு வெகுவாகக் கீழே இறங்கி, கலத்தின் எதிர்மின் முனையில் உள்ள செப்புத் தகடு கரையத் தொடங்கும். பிறகு சார்ஜ் ஏற்றும்போது அந்தச் செம்பு வேண்டாத இடத்தில் படிந்து உட்குறுக்குச் சுற்றை (ஷார்ட் சர்க்யூட்) உண்டாக்கக்கூடும். ஆகவே நெடுநாள் வைக்கப்போகும் கருவியைப் பாதியளவு சார்ஜில் வைக்க வேண்டும். இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்து, குறைந்திருந்தால் மீண்டும் பாதிக்கு ஏற்றிவைக்க வேண்டும். நெடுநாள் கிடந்த கருவி, செருகியவுடன் உயிர் பெறாவிட்டால் அரை மணி நேரமாவது பொறுத்திருக்கலாம். மிகவும் இறங்கிப்போன கலத்துக்கு முதலில் மிகச் சிறிய மின்னோட்டமே செலுத்தப்படும். அப்போதும் எழாவிட்டால் பேட்டரியை மாற்றுவதே முறை. கம்பியை நேரடியாக இணைத்து ‘எழுப்பும்’ காணொளிகளை நம்பி இறங்குவது ஆபத்து.

வெயில் இன்னொரு பகை. ஐபாடை 35 பாகை செல்சியசுக்கு மேல் இயக்க வேண்டாம் என்பது ஆப்பிளின் குறிப்பு. சென்னையில் மே மாதப் பகலில் வீட்டுக்குள்ளேயே அந்த எல்லை எட்டிவிடும். வெயிலில் நிறுத்திய காரின் முன்பலகையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கோடையில் இரவில் சார்ஜ் போடுவதும், அப்போது தோலுறையைக் கழற்றிவிடுவதும் என் வழக்கம்.

வன்தட்டு (ஹார்டு டிஸ்க்) உள்ள பழைய ஐபாடுகள், பாடல்களை நினைவகத்தில் ஏற்றிக்கொண்டு தட்டை ஓய்வெடுக்க விடுகின்றன. ஒலித்தரம் குறையாத பெரிய கோப்புகளும், பாட்டுக்குப் பாட்டு தாவும் பழக்கமும் தட்டை அடிக்கடி சுழலவைத்துப் பேட்டரியைக் கரைக்கும்.

மாற்றுப் பேட்டரி வாங்கும்போது கருவியின் தடிமனைக் கவனிக்க வேண்டும். ஐந்தாம் தலைமுறையில் 30 ஜிபி மாதிரியும் 60 ஜிபி மாதிரியும் வெவ்வேறு தடிமன் கொண்டவை. பின்மூடியைத் திறக்கும்போது வெடுக்கென்று இழுக்கக் கூடாது; பேட்டரியின் நாடாக் கம்பியும் இயர்போன் துளையின் நாடாக் கம்பியும் மூடியோடு சேர்ந்தே வரும். மூடி சற்றே எழும்பியிருந்தாலோ திரையில் அழுத்தத் தடம் தெரிந்தாலோ பேட்டரி உப்பியிருக்கக்கூடும். அத்தகைய கருவிக்குச் சார்ஜ் போடவே கூடாது. முதல் தலைமுறை ஐபாட் நானோவின் பேட்டரி சூடேறக்கூடும் என்று 2011 நவம்பரில் ஆப்பிளே அறிவித்து மாற்றுக் கருவி வழங்கியது. ஆகவே 2005 செப்டம்பருக்கும் 2006 டிசம்பருக்கும் இடையில் விற்ற நானோ பழைய பொருள் கடையில் கண்ணில் பட்டால் வாங்காமல் விடுவதே நல்லது.

கழற்றிய பேட்டரியைக் குத்தாமல், மடக்காமல், முனைகளின் மேல் டேப் ஒட்டி, மின்கழிவு சேகரிப்பவரிடம் கொடுங்கள். குப்பை வண்டியில் நசுங்கினால் அது தீப்பற்றக்கூடும்.