பென்னைன் மலையில் கடைசிப் பனிக்காகக் காத்திருப்பவர்கள்

இங்கிலாந்தில் கிறிஸ்துமஸைவிட ஈஸ்டர் சமயத்தில்தான் பனி பெய்ய வாய்ப்பு அதிகம். முதன்முறை கேட்டபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை. வாழ்த்து அட்டைகளில் எல்லாம் டிசம்பரில்தானே பனி மூடிய கூரைகளைப் போடுகிறார்கள்? ஆனால் வானிலையை வருடக்கணக்கில் கவனித்து வருபவர்களிடம் கேட்டால் காரணத்தைப் பொறுமையாக விளக்குவார்கள். நிலம் சட்டென்று குளிர்ந்துவிடும். கடலுக்கு அந்த அவசரம் கிடையாது. கோடையில் வாங்கிய சூட்டை அது டிசம்பரிலும் முழுதாக விட்டிருக்காது. பிரிட்டனைச் சுற்றியுள்ள கடல் மிகவும் குளிர்ந்து கிடப்பது பிப்ரவரி கடைசியிலும் மார்ச்சிலும்தான். ஆர்க்டிக் கடலின் பனிப்பரப்பு ஆண்டின் உச்சத்தை எட்டுவதும் அப்போதுதான். எனவே வடக்கிலிருந்தோ கிழக்கிலிருந்தோ குளிர்காற்று கிளம்பினால், வழியில் அது அதிகம் சூடாகாமலேயே வந்து சேரும்.

தடையாக நிற்பது சூரியன். மார்ச் முதல் வாரத்து நண்பகல் வெயில், அக்டோபர் முற்பாதி வெயிலுக்குச் சமம். இரவில் விழுந்த பனியை மதியத்துக்குள் கரைத்துவிடும். அதனால் இந்தப் பருவத்தில் பனியை எதிர்பார்ப்பவர்களுக்கு இரவும் உயரமும் மிக முக்கியம். கொஞ்சம் மேலே ஏறிப்போனால் வாய்ப்பு கூடும்.

அப்படி மேலே ஏறிப்போகும் ஒரு சின்னக் கூட்டத்துடன் வட இங்கிலாந்தில், வடக்கு பென்னைன் மலைப்பகுதியில் உள்ள ஆல்ஸ்டன் என்ற ஊருக்குப் போய் வந்தேன். யாரும் தொழில்முறை வானிலையாளர் இல்லை. ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியை ஒருவர், ஆல்ஸ்டனில் தபால்காரராக இருப்பவர் ஒருவர், லண்டனில் என்னோடு வேலை பார்க்கும் கணக்காளர் ஒருவர். என்னை இதற்குள் இழுத்தது அந்தக் கணக்காளர்தான். நவம்பர் முதல் மார்ச் வரை அவருடைய மதிய உணவு நேரம் முழுக்க வானிலை வரைபடங்களோடுதான் போகும்.

அந்த பிப்ரவரி நடுவில் ஒருநாள் அவர் கைப்பேசியைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். "மேலே சூடாகிவிட்டது" என்றார். அவர் சொன்னது தரையிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் உயரத்தை. குளிர்காலத்தில் வட துருவத்துக்கு மேலே அந்த உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காகப் பெரும் காற்றுச் சுழல் ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். இதைத் துருவச் சுழல் என்கிறார்கள். சில ஆண்டுகளில் கீழே மலைத்தொடர்களும் நில, கடல் வேறுபாடும் காற்றில் கிளப்பிவிடும் பேரலைகள் மேலே ஏறி அந்தச் சுழலைக் குலைத்துவிடும். காற்று கீழிறங்கி அழுத்தப்பட்டு, சில நாட்களிலேயே 50 டிகிரி செல்சியஸ் வரைகூட வெப்பம் எகிறும். ரிச்சர்ட் ஷெர்ஹாக் என்ற ஜெர்மன் ஆய்வாளர் 1952-இல் பெர்லினுக்கு மேலே பலூன் கருவிகளை அனுப்பி இதை முதலில் கண்டார். சுழல் குலைந்தால் அதன் விளைவு அடுத்த சில வாரங்களில் மெல்லக் கீழே இறங்கலாம். வழக்கமான மேலைக்காற்று பலமிழந்து, ஸ்காண்டிநேவியாவின் மேல் உயரழுத்தம் உட்கார்ந்து, ரஷ்யப் பக்கத்துக் குளிர்காற்று பிரிட்டன் பக்கம் திரும்பும்.

'இறங்கலாம்' என்றுதான் சொல்ல முடியும். 2018 பிப்ரவரியில் சுழல் உடைந்தது. மாதக் கடைசியில் கிழக்கிலிருந்து குளிர் வந்து, மார்ச் முதல் தேதி நாட்டையே பனி மூடியது. 2019 ஜனவரியிலும் சுழல் உடைந்தது. ஆனால் பிப்ரவரி 26 அன்று லண்டனின் கியூ தோட்டத்தில் 21.2 டிகிரி வெயில் அடித்தது. பிப்ரவரி மாதத்துக்கு அதுவே புதிய சாதனை. இரண்டு ஆண்டுகளையும் கண்ணால் பார்த்தவர்கள் என்பதால் இந்தக் கூட்டத்தில் யாரும் துள்ளிக் குதிப்பதில்லை. ஆசை நிறைய இருக்கிறது. அந்த ஆசையை எண்களுக்குக் கட்டுப்படுத்தி வைத்துக்கொள்கிறார்கள், அவ்வளவுதான்.

அவர்கள் பேச்சில் 850 என்ற எண் அடிக்கடி வரும். 850 ஹெக்டோபாஸ்கல் அழுத்தம் இருக்கும் உயரம், அதாவது ஏறத்தாழ 1,500 மீட்டர். அங்கே வெப்பநிலை மைனஸ் 7, 8 என்று இருந்தால் முகம் மலரும். வானிலையைக் கணிக்கும் அமெரிக்கக் கணினி மாதிரி ஒரு நாளைக்கு நான்கு முறை புதிய கணிப்பு வெளியிடும். ஐரோப்பிய வானிலைக் கணிப்பு மையத்தின் கணிப்பு வந்தால்தான் பேச்சு சூடுபிடிக்கும். முந்தைய கணிப்பைவிடக் குளிர் கூடினால் 'அப்கிரேடு', குறைந்தால் 'டவுன்கிரேடு'. வரைபடத்தில் ஒரே ஒரு கணிப்புக் கோட்டை நம்பிவிடாமல், தொடக்க நிலையை லேசாக மாற்றி மாற்றி ஓட்டிய டஜன் கணக்கான கணிப்புகளைச் சேர்த்துப் பார்ப்பார்கள். ஐரோப்பிய மையம் அப்படி 50 ஓட்டங்களை வெளியிடுகிறது. கோடுகள் எல்லாம் நெருங்கி ஒரே திசையில் போனால் ரயில் டிக்கெட் போடலாம். சிதறிக் கிடந்தால் பொறுத்திருக்க வேண்டும்.

கோடுகள் நெருங்கின. யூஸ்டன் நிலையத்தில் ரயில் ஏறி பென்ரித்தில் இறங்கினோம். சுமார் மூன்று மணி நேரப் பயணம். பென்ரித்தில் மழையும் இல்லை, பனியும் இல்லை. காய்ந்த, முரட்டுத்தனமான கீழைக்காற்று மட்டும் போட்டிருந்த மேல்கோட்டைப் பிடுங்கிக்கொண்டு போவது போல அடித்தது. எனக்கு ஏமாற்றம். கணக்காளருக்கோ அதைப் பார்த்ததும் நம்பிக்கை கூடிவிட்டது. கிழக்கே கைகாட்டினார். பென்னைன் முகட்டின்மேல் நீளமாக ஒரு சாம்பல் மேகம் அசையாமல் படிந்திருந்தது. பிரிட்டனில் சொந்தப் பெயர் பெற்ற ஒரே காற்றான ஹெல்ம் காற்றின் அடையாளம் அது. வடகிழக்கிலிருந்து வரும் காற்று பென்னைனின் மிக உயர்ந்த சிகரமான 893 மீட்டர் கிராஸ் ஃபெல் முகட்டில் ஏறி, மேற்குச் சரிவில் வேகமெடுத்துக் கீழே பாயும். ஏறும்போதே ஈரத்தை மறுபக்கத்தில் கொட்டிவிடுவதால் பென்ரித் பக்கம் காய்ந்து கிடக்கிறது. அப்படியானால் மறுபக்கத்தில் ஏதோ நடக்கிறது!

ஆசிரியை காரோடு வந்திருந்தார். ஏ686 சாலை மெல்மர்பி என்ற ஊரைத் தாண்டியதும் வளைந்து வளைந்து ஹார்ட்சைடு கணவாய்க்கு ஏறுகிறது. உயரம் 570 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். பாதி வழியில் மேகத்துக்குள் நுழைந்தோம். உச்சியை நெருங்கியபோது கண்ணாடியில் சின்னச் சின்ன வெள்ளைத் துகள்கள் பட்டுத் தெறிக்க ஆரம்பித்தன. காரின் வெப்பமானி பென்ரித்தில் 5 காட்டியது; மேலே பூஜ்ஜியம். நூறு மீட்டருக்கு அரை டிகிரிக்கு மேல் குறையும் என்று படித்திருக்கிறேன். கண்ணெதிரே எண் இறங்குவதைப் பார்ப்பது வேறு அனுபவம்.

மறுபக்கம் இறங்கினால் ஆல்ஸ்டன். கடல் மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர் உயரத்தில் உள்ள பழைய சந்தை ஊர். ஒருகாலத்தில் ஈயச் சுரங்கங்களால் வாழ்ந்த பகுதி. கற்கள் பாவிய செங்குத்தான கடைவீதி, நடுவில் சந்தைச் சிலுவை மண்டபம். அங்கே பெய்துகொண்டிருந்தது பனி கலந்த மழை. தரையில் விழுந்ததும் தண்ணீர்.

தபால்காரர் கடைவீதிக்கு வந்து சேர்ந்துகொண்டார். அவரிடம் நான் கற்றுக்கொண்டதுதான் இந்தப் பயணத்தின் பெரிய லாபம். "வெப்பநிலையை மட்டும் பார்க்காதீர்கள், பனிநிலையையும் பாருங்கள்" என்றார். காற்றிலுள்ள ஈரம் படிய ஆரம்பிக்கும் வெப்பநிலைதான் பனிநிலை; காற்று எவ்வளவு காய்ந்திருக்கிறதோ அவ்வளவு கீழே இருக்கும். காற்று காய்ந்திருந்தால், விழும் துளிகளும் செதில்களும் கொஞ்சம் ஆவியாகிச் சுற்றுக் காற்றைக் குளிர்விக்கும். வெப்பமானி 1 டிகிரிக்கு மேல் காட்டினாலும் பனிநிலை பூஜ்ஜியத்துக்குக் கீழே இருந்தால் பனி விழலாம். அடுத்தது, எவ்வளவு பலமாகப் பெய்கிறது என்பது. ஒரு கிராம் பனி உருகச் சுமார் 334 ஜூல் வெப்பம் வேண்டும். அந்த வெப்பம் காற்றிலிருந்துதான் போகிறது. தூறலாகப் பெய்தால் காற்று தாக்குப்பிடித்துவிடும். கொட்டித் தீர்த்தால் காற்றின் சூடு தீர்ந்து, பனிக்கோடு மளமளவென்று கீழே இறங்கும். ஒரே தெருவில் அரை மணி நேரத்தில் மழை பனியாக மாறுவது இப்படித்தான்.

இரவு ஆசிரியையின் வீட்டில் தங்கினோம். ஊருக்கு மேலே, கிட்டத்தட்ட 400 மீட்டர் உயரத்தில் பழைய பண்ணை வீடு. வெளியே சாலையோரம் ஒரு விளக்குக் கம்பம். அதன் வெளிச்சத்தில்தான் எல்லோர் கண்ணும். பிரிட்டனில் பனிப் பிரியர்கள் அத்தனை பேருக்கும் பழக்கமான காரியம் இது: இருட்டில் என்ன விழுகிறது என்று விளக்குக் கம்பத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடிப்பார்கள். மழைத்துளி நேர்க்கோடாக விழும். பனிச் செதில் தயங்கித் திரும்பி விழும். ஒன்பது மணிக்குக் கோடுகளும் செதில்களும் கலந்து தெரிந்தன. ரேடாரில் வட கடலிலிருந்து ஒரு பட்டை, வியர் பள்ளத்தாக்கின் வழியாக மேற்கே நகர்ந்துகொண்டிருந்தது. நடுவில் ஒரு மஞ்சள் திட்டு, அதாவது பலத்த பொழிவு. "அது நம் தலைக்கு மேலே வர வேண்டும்" என்றார் ஆசிரியை. வெப்பமானி 1.2, அப்புறம் 0.8, அப்புறம் 0.3.

பதினோரு மணி வாக்கில் வந்தது. விளக்கைச் சுற்றிப் பெரிய பெரிய செதில்கள், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு. கணக்காளர் மேல்கோட்டைக்கூட எடுக்காமல் வெளியே ஓடினார். நானும் ஓடினேன். எழுபது வயதைத் தாண்டிய ஆசிரியை வாசல்படியில் நின்று, கறுப்புக் கையுறையில் செதில்களைப் பிடித்துப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனையோ குளிர்காலங்களைப் பார்த்தவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

இந்தக் கூட்டத்தை வெறும் பனி ஆசைக்காரர்கள் என்று சொல்லிவிட முடியாது என்று எனக்குப் புரிந்தது மறுநாள் காலையில்தான். ஆசிரியையின் தோட்டத்தில் வெள்ளை வண்ணமடித்த பலகணிப் பெட்டி ஒன்று கால்களில் நிற்கிறது. கலங்கரை விளக்கங்கள் கட்டிய பொறியாளர் தாமஸ் ஸ்டீவன்சன் 19-ஆம் நூற்றாண்டில் வடிவமைத்தது. வெயில் நேராகப் படாமல் காற்று மட்டும் உள்ளே போய்வரும். சரியாகக் காலை ஒன்பது மணிக்கு, கிரீன்விச் நேரப்படி, அதைத் திறந்து குறைந்தபட்சம், அதிகபட்சம், மழையளவு எல்லாவற்றையும் குறித்தார். அப்புறம் ஒரு அளவுகோலோடு, காற்று குவிக்காத சமதளத்தில் வெவ்வேறு இடங்களில் பனியின் ஆழத்தை அளந்து சராசரி எடுத்தார். ஐந்து சென்டிமீட்டர். ஓரத்தில் முழங்கால் அளவு குவிந்திருந்த இடத்தை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

'பனி தரித்த நாள்' என்று பதிவேட்டில் எழுத ஒரு விதி இருக்கிறது: ஒன்பது மணிக்குச் சுற்றியுள்ள தரையில் பாதிக்கு மேல் மூடியிருக்க வேண்டும். அந்த விதி தபால்காரருக்குத்தான் சோதனையாகிவிட்டது. அவர் வீடு நூறு மீட்டர் கீழே, ஊருக்குள். இரவு அங்கேயும் வெள்ளையாகத்தான் இருந்ததாம். விடிந்ததும் வெயில் வந்துவிட்டது. ஒன்பது மணிக்குப் புல்வெளியில் பச்சைதான் அதிகம். அந்தக் குளிர்காலம் முழுக்க அந்த ஒரு நாளுக்காகக் காத்திருந்தவர் அவர். ஆனாலும் "இல்லை" என்றே எழுதினார். ஏழு மணிக்கு எடுத்த புகைப்படத்தை எங்களுக்குக் காட்டினார்; தரை முழுக்க வெள்ளை. "படம் எனக்கு, பதிவேடு எல்லோருக்கும்" என்று சொல்லிவிட்டுத் தபால் பையை எடுத்துக்கொண்டு போனார். அவர்மேல் எனக்குப் பெரிய மரியாதை வந்தது.

பத்து மணிக்கு மேல் நென்ட்ஹெட் வழியாகக் கில்ஹோப் கிராஸ் வரை போனோம். 600 மீட்டரைத் தாண்டிய கணவாய், கம்ப்ரியாவும் டரம் மாவட்டமும் சந்திக்கும் எல்லை. பனியில் சாலை மறைந்தாலும் ஓரம் தெரியவேண்டும் என்று வழிநெடுக உயரமான கம்பங்களை நட்டிருக்கிறார்கள். 1947-இல் ஜனவரி 22 முதல் மார்ச் 17 வரை பிரிட்டனில் எங்காவது ஓர் இடத்தில் தினமும் பனி பெய்தது. அந்தக் கம்பங்களின் அருகில் நின்றபோது, மலைக் கிராமங்கள் அந்த வாரங்களை எப்படிக் கடந்திருக்கும் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். ஆசைப்பட்டுத் தேடிப்போகும் எங்களுக்குப் பனி மகிழ்ச்சி. தீவனம் கொண்டுபோக வழியில்லாமல் ஆடுகளை இழந்தவர்களுக்கு அப்படி இருந்திருக்காது. ஆசிரியை இதைப் பற்றி வெளிப்படையாகவே பேசினார்: ஆட்டுக்குட்டிகள் பிறக்கும் பருவம் நெருங்கிவிட்டால் அவரும் பனி வேண்டாம் என்றுதான் நினைப்பாராம்.

திரும்பும் வழியில் ஹார்ட்சைடு தெளிந்திருந்தது. தெற்கே முகட்டில் கிரேட் டன் ஃபெல் சிகரமும் அதன்மேல் ரேடாரை மூடியிருக்கும் வெள்ளைக் கோளமும் தெரிந்தன. 848 மீட்டர் உயரத்தில் உள்ள அந்த இடத்தில், 1930-களின் பிற்பகுதியில் கார்டன் மேன்லி என்ற புவியியலாளர் ஒரு சிறு குடிலும் கருவிகளும் வைத்து, இதே ஹெல்ம் காற்றை அளந்தார். அதே மேன்லிதான் பின்னாளில் பழைய நாட்குறிப்புகளையும் பதிவேடுகளையும் தேடிச் சேர்த்து, மத்திய இங்கிலாந்தின் வெப்பநிலையை 1659 வரை பின்னோக்கித் தொகுத்தவர். கருவிகளால் அளந்த மாத வெப்பநிலைத் தொடர்களில் உலகிலேயே மிக நீளமானது அது. அதற்குள் இருக்கும் பழைய எண்கள் பல, வானிலை ஆர்வத்தால் வீட்டிலேயே குறித்துவைத்த மருத்துவர்களும் பாதிரியார்களும் விட்டுப்போனவை. தபால்காரர் அன்று எழுதிய "இல்லை"யும் அந்த வகைதான்.

யாராவது போவதாக இருந்தால் சில விஷயங்கள். தேதியை முன்கூட்டியே முடிவுசெய்யாதீர்கள்; மூன்று, நான்கு நாட்களுக்கு முன் கணிப்புகள் ஒத்துப்போன பிறகு கிளம்புங்கள். ஹார்ட்சைடும் கில்ஹோப்பும் பனியில் மூடப்படும் சாலைகள், எனவே கிளம்பும் முன் சாலை நிலவரம் பார்ப்பது அவசியம். கீழைக்காற்று என்றால் ஆல்ஸ்டன் பக்கம், மேலைக்காற்று என்றால் வேறு மலை. மார்ச் போய்விட்டதே என்று கவலைப்பட வேண்டாம். 1975 ஜூன் 2 அன்று பக்ஸ்டனில் டெர்பிஷயர், லங்காஷயர் கிரிக்கெட் ஆட்டமே பனியால் அன்றைக்கு நடக்காமல் போனது. கணக்காளர் இப்போதே ஏப்ரல் வரைபடங்களைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். மார்ச் கடைசி ஞாயிறில் கடிகாரத்தை முன்னே தள்ளிவிடுவார்கள் என்பதால், அதன் பிறகு போனால் பதிவேடு எழுதும் நேரம் காலை பத்து மணி.