402 கழி 178: தோட்டப் பள்ளி ஆசிரியருக்கு எது பயிற்சி?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்காய், பீடோர், சிலிம் ரிவர் பக்கம் செம்பனைக்கு நடுவே நிற்கும் தமிழ்ப்பள்ளி ஒன்றில் போய், "இந்த வருஷம் என்ன பயிற்சிக்குப் போனீங்க டீச்சர்?" என்று கேட்டுப் பாருங்கள். பதிலாக ஊர்ப் பெயர்தான் வரும். ஈப்போவில் இரண்டு நாள், பிறகு ஏதோ ஒரு ஹோட்டலில் மூன்று நாள். அங்கே என்ன கற்றார் என்பதைத் துருவிக் கேட்டால்தான் தெரியும்.

பொதுச் சேவைத் துறையின் 2005-ஆம் ஆண்டு 6-ஆம் எண் சுற்றறிக்கை, அரசு ஊழியருக்கு ஆண்டுக்கு ஏழு நாள் பயிற்சி என்று வைத்தது. ஆறு மணி நேரத்தை ஒரு நாளாகக் கணக்கிடுவது வழக்கம் என்பதால் மொத்தம் 42 மணி நேரம். இதை நிரப்புவது சிரமமே இல்லை. வெளியூர் குர்சுஸ் (பயிற்சி வகுப்பு) இரண்டு, பள்ளிக்குள்ளே சனிக்கிழமை லாடாப் (பணியிடைப் பயிற்சி) இரண்டு, அமைச்சின் கற்றல் தளமான டெலிமாவில் நான்கைந்து இணையப் பாடம் என்று சேர்த்தால் டிசம்பருக்கு முன்பே முடிந்துவிடும். ஆனால் மணிக்கணக்கு நிரம்பிய பிறகும் இரண்டாம் ஆண்டுப் பிள்ளை கழித்தலில் அதே தப்பைச் செய்துகொண்டிருப்பான்.

குர்சுஸே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. புதிய கலைத்திட்டம் வரும்போது நேரில் போய்க் கேட்டுத்தான் ஆக வேண்டும். சிக்கல் அது கைமாறி வரும் வழியில் இருக்கிறது. முதன்மைப் பயிற்றுநர் மூன்று நாள் கேட்டதை மாவட்டத்தில் ஒரு நாளில் சொல்வார். மாவட்டத்தில் கேட்டவர் பள்ளிக்கு வந்து ஒரு மணி நேரத்தில் ஸ்லைடு போட்டுக் காட்டுவார். கடைசியில் பிள்ளையிடம் வந்து சேர்வது தலைப்பு மட்டும்தான்.

பதவிக்கும் பட்டத்துக்குமான வழி தனி. தலைமையாசிரியராக நினைப்பவர்களுக்குக் அமினுடின் பாக்கி கழகம் நடத்தும் தேசியக் கல்வித் தலைவர் தகுதிப் பயிற்சி இருக்கிறது. முதுகலை படிக்க விரும்பினால் தஞ்சோங் மாலிமில் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம். 1922-இல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியாகத் தொடங்கிய இடம், இந்தப் பக்கத்துக்காரர்களுக்குக் கைக்கெட்டும் தூரம். அமைச்சின் உபகாரச் சம்பளத்துக்கு விண்ணப்பிக்கிறவர்கள் ஒப்பந்தத்தில் எத்தனை ஆண்டு சேவை கேட்கிறார்கள் என்பதைக் கையெழுத்துக்கு முன்பே படித்துவிடுங்கள். இனி வருவதெல்லாம் வகுப்பறைக்குள்ளே நடக்கும் பயிற்சி பற்றியது.

பி.எல்.சி. (ஆசிரியர்கள் கூடிக் கற்கும் குழு) என்ற பெயரில் அமைச்சு பரிந்துரைக்கும் வழிகளில் சின்னப் பள்ளிக்கு மிகவும் பொருந்துவது லெசன் ஸ்டடி. ஜப்பான் ஆசிரியர்கள் ஜுக்யோ கென்க்யூ என்ற பெயரில் நெடுங்காலமாகச் செய்துவருவது. ஒரே பாடத்தைக் கூடித் தயாரித்து, ஒருவர் போதிக்க மற்றவர்கள் பிள்ளைகளைக் கவனித்து, பேசி, திருத்தி, மறுபடி போதிப்பது. சொல்வதற்கு எளிது. பெரும்பாலான பள்ளிகளில் இது கெட்டுப்போவது முதல் படியிலேயே. "மாணவர்களின் உயர்நிலைச் சிந்தனையை வளர்த்தல்" என்று தலைப்பு வைத்துவிடுவார்கள். அதை ஒரு மணி நேரத்தில் யாரும் பார்க்கவும் முடியாது, அளக்கவும் முடியாது. தலைப்பு ஒரே ஒரு கணக்கு அளவுக்குச் சின்னதாக இருக்க வேண்டும்.

இரண்டாம் ஆண்டில் ஆயிரத்துக்குள் கழித்தல் வருகிறது. 402-இலிருந்து 178. சரியான விடை 224. தவறான விடைகள் பெரும்பாலும் மூன்று வகையாக வரும். 376 என்று எழுதும் பிள்ளை, மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று பார்க்காமல் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறது. 234 என்று எழுதியது, பூஜ்யத்தைப் பத்தாக்கியிருக்கிறது, ஆனால் அதிலிருந்து ஒன்று ஒன்றுகளின் இடத்துக்குப் போனதை மறந்து ஒன்பதாக்கவில்லை. 274 என்றால் பூஜ்யத்தைத் தாண்டி நூறுகளிலிருந்து நேராக ஒன்றுகளுக்கு இழுத்துவிட்டு, பத்துகளின் இடத்தில் பூஜ்யத்துக்கும் ஏழுக்கும் ஏழு என்று போட்டிருக்கிறது. மூன்றுக்கும் ஒரே சிவப்பு மையில் ஒரே தவறுக்குறி போட்டால் மூன்று விதமான நோய்க்கு ஒரே மாத்திரை கொடுத்த மாதிரி.

கணக்கைத் தேர்ந்தெடுப்பதே கூட்டத்தில் பாதி வேலை. 178-க்குப் பதில் 158 என்று கொடுத்தால் என்ன ஆகும் என்று போட்டுப் பாருங்கள். சரியான விடை 244. ஆனால் ஒன்பதாக்க மறந்த பிள்ளைக்கும் 254, பூஜ்யத்தைத் தாண்டிய பிள்ளைக்கும் 254. பத்தில் ஐந்து போனாலும் ஐந்து, தலைகீழாகக் கழித்தாலும் ஐந்து. நோட்டைப் பார்த்து எந்தப் பிள்ளை எங்கே தடுமாறியது என்று சொல்ல முடியாது. பாடநூலில் இருக்கும் கணக்கை அப்படியே எடுத்துப் போடுகிறவர்களுக்கு இது கண்ணில் படாது. நான்கு பேர் உட்கார்ந்து பிள்ளை மாதிரி தப்பாகப் போட்டுப் பார்த்தால்தான் படும்.

இன்னொன்று, சொல். நாம் எல்லோரும் "பக்கத்து வீட்டில் கடன் வாங்கு" என்று சொல்லியே பழகியவர்கள். கடன் என்றால் திருப்பிக் கொடுக்க வேண்டும், கொடுத்தவர் நஷ்டப்படக் கூடாது. அப்படி நினைக்கிற பிள்ளை பூஜ்யத்தைப் பத்தாக்கிவிட்டுப் பத்தாகவே விட்டுவைப்பதில் ஆச்சரியம் இல்லை. "கட்டைப் பிரி" என்று சொல்லிப் பாருங்கள்.

உண்மையிலேயே கட்டு வேண்டும். பிளாஸ்டிக் பத்தடிமானக் கட்டைகள் இருந்தாலும் இந்தப் பாடத்துக்கு அவை அவ்வளவு உதவாது. நூறு பலகையைப் பிரிக்க முடியாது, மாற்றி வாங்கத்தான் முடியும். தோட்டத்தில் ஓலை ஈர்க்குக்குப் பஞ்சமில்லை. துடைப்பத்துக்குக் கிழிக்கிற அதே ஈர்க்குதான். பத்து சென்டிமீட்டராக வெட்டி, கூர் முனையை நறுக்கிவிட்டு, பத்துப் பத்தாகச் சின்ன ரப்பர் வளையம் போட வேண்டும். பத்துச் சின்னக் கட்டு சேர்ந்து ஒரு பெரிய வளையத்தில் நூறு. ஒரு குழுவுக்கு 402 குச்சி, 40 சின்ன வளையம், 4 பெரிய வளையம். ஒன்பது பிள்ளைகளை மும்மூன்றாக உட்கார வைத்தால் 1,206 குச்சி. தயாரிக்க நேரம் பிடிக்கும், ஐந்தாம் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் கொடுங்கள், எண்ணிக் கட்டுவது அவர்களுக்கும் பயிற்சிதான். எட்டுக் குச்சி எடுக்க வேண்டிய பிள்ளை கையில் இரண்டுதான் உதிரி. பத்துக் கட்டு தனியாக ஒன்றுமே இல்லை. வேறு வழியில்லாமல் நூறு கட்டின் பெரிய வளையத்தைக் கழற்றும், பத்துச் சின்னக் கட்டு மேசையில் விழும், அதில் ஒன்றைப் பிரிக்கும். மிச்சம் ஒன்பது கட்டு கண்முன்னே கிடக்கும்.

ஆள் கணக்குக்கு வருவோம். ஆறு வகுப்பு, எட்டு ஆசிரியர், தலைமையாசிரியரோடு ஒன்பது பேர் என்று வையுங்கள். ஆறு பேர் வகுப்பில் இருந்தால் மூன்று பேர் மிச்சம். அந்த மூவர்தான் கவனிப்பாளர்கள், குழுவுக்கு ஒருவர். நமக்கு வேண்டிய அதே மூவரும் அந்த இரண்டு பாட வேளையில் ஓய்வாக இருக்க மாட்டார்கள். முந்தைய வாரமே நேர அட்டவணையை மாற்றிப் போட வேண்டும். ஒருவர் எம்.சி. (மருத்துவ விடுப்பு) எடுத்தால் எல்லாம் சரியும். அதனால் மாற்று நாள் ஒன்றையும் அப்போதே குறித்துவிடுங்கள். தலைமையாசிரியர் வர மறுத்தால் இதை ஆரம்பிக்கவே வேண்டாம் என்பேன். அவர் உள்ளே வந்து ஒரு குழுவோடு உட்காராவிட்டால் மற்றவர்களுக்கு இது இன்னொரு மேற்பார்வையாகத்தான் தெரியும்.

கவனிப்பாளர் கையில் ஒரு ஏ4 தாள், மூன்று பத்தி. முதலில் நேரம், அடுத்து பிள்ளை செய்தது, சொன்னது, எழுதியது. மூன்றாவது பத்தி வகுப்பு முடியும்வரை காலி. அதில்தான் "ஏன்" என்பது வரும், வகுப்புக்குள்ளேயே எழுத ஆரம்பித்தால் பார்ப்பது நின்றுவிடும். "10.12, கவின் பெரிய வளையத்தைக் கழற்றவில்லை, பக்கத்துக் குழுவிலிருந்து எட்டுக் குச்சி எடுத்தான்" என்ற மாதிரி இருக்க வேண்டும். பெயருக்குப் பதில் இருக்கை எண் போட்டால் இன்னும் நல்லது, தாள் வெளியே போனாலும் பிள்ளைக்குச் சங்கடம் இல்லை. ஆசிரியரின் கையெழுத்து, குரல், பலகை எதையும் எழுத வேண்டாம். அதற்கு எஸ்.கே.பி.எம். (கல்வித் தர அளவுகோல்) தரம் 4 படிவம் ஏற்கெனவே இருக்கிறது. மிகக் கடினமான விதி, பிள்ளைக்கு உதவக் கூடாது என்பது. தப்பு நடக்கும்போது ஆசிரியர் கை தானாக நீளும். கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம், பிள்ளையின் நோட்டு தெரிகிற கோணத்தில் நில்லுங்கள்.

முந்தின நாளே அதே வகுப்பில் ஒத்திகை பார்த்துவிட்டு, கெட்டிக்காரப் பிள்ளைகளை முன்னால் உட்கார வைத்து நடத்துகிற பாடமும் உண்டு. புகைப்படத்துக்கு அழகாக இருக்கும். லெசன் ஸ்டடிக்கு வேலைக்காகாது.

பேச்சு அன்றைக்கே நடக்க வேண்டும். பிள்ளைகளின் பஸ் கிளம்பியதும் உட்கார்ந்துவிடுங்கள், ஒரு மணி நேரம் போதும். போதித்தவர் முதலில் பேசட்டும், எங்கே திட்டம் மாறியது என்று. பிறகு ஒவ்வொருவரும் தாளில் இருப்பதை வாசிக்க வேண்டும், அவ்வளவுதான். "ரொம்ப நல்லா இருந்துச்சு டீச்சர்" என்று ஒருவர் ஆரம்பித்தால் அடுத்தவரும் அதையே சொல்வார், கூட்டம் டீயோடு முடிந்துவிடும். நம்மவர்களுக்கு மூத்த ஆசிரியர் முன்னால் குறை சொல்ல வாய் வராது. அதனால்தான் முதல் சுற்றில் மூத்தவரைப் போதிக்கச் சொல்வது, வாசிப்பை இளையவரிடமிருந்து தொடங்குவது. தப்பு பிள்ளையின் நோட்டில் இருக்கிறது, அதை வாசிப்பதால் யாருக்கும் மரியாதைக் குறைவு இல்லை.

திருத்திய பாடத்தை எங்கே மறுபடி போதிப்பது? பட்டணத்துப் பள்ளியில் இரண்டாம் ஆண்டு மூன்று வகுப்பு இருக்கும். தோட்டப் பள்ளியில் ஒன்றுதான். பக்கத்துத் தோட்டப் பள்ளியோடு ஜோடி சேர வேண்டியது இதற்காகத்தான். இரண்டு வாரம் கழித்து அங்குள்ள ஆசிரியர் போதிக்கட்டும், நீங்கள் கவனியுங்கள். கணக்கை மாற்றுங்கள், தன்மையை மாற்றாதீர்கள்: 503-இலிருந்து 267. விடை 236, மூன்று தப்பும் 364, 246, 266 என்று பிரிந்தே வரும். இரு தலைமையாசிரியர்களின் கடிதமும் கையில் இல்லாமல் பள்ளி நேரத்தில் வெளியே போக வேண்டாம். வழியில் ஏதாவது ஆனால் பணியில்தான் இருந்தீர்கள் என்பதற்கு அந்தத் தாள்தான் சாட்சி.

ஜோடிப் பள்ளியால் இன்னொரு லாபமும் உண்டு. 2021-இல் யு.பி.எஸ்.ஆர். என்ற ஆறாம் ஆண்டு அரசுத் தேர்வு நீக்கப்பட்ட பிறகு வகுப்பறைசார் மதிப்பீட்டின் கனம் கூடிவிட்டது. நிலை 1 முதல் 6 வரை போடுவது ஆசிரியரின் தீர்ப்பு. சின்னப் பள்ளியில் கணிதத்துக்கு ஒரே ஆசிரியர், அவர் போட்டதைச் சரிபார்க்க ஆள் இல்லை. ஆறு நோட்டுகளைப் பெயர் மறைத்துப் பக்கத்துப் பள்ளி ஆசிரியரிடம் கொடுங்கள், அவர் தனியாக நிலை போடட்டும். ஒரு நிலை வித்தியாசம் வந்தால் பேசித் தீர்க்கலாம். இரண்டு வந்தால் இருவரில் ஒருவர் கலைத்திட்டத் தர ஆவணத்தில் உள்ள விளக்கத்தைப் பார்க்காமல் மனக்கணக்கில் போட்டிருக்கிறார். பெரும்பாலும் சண்டை 3-க்கும் 4-க்கும் இடையில்தான்.

மாவட்டக் கல்வி இலாகாவில் ஆசிரியர்களுக்கு வழிகாட்டும் எஸ்.ஐ.எஸ்.சி. பிளஸ் அதிகாரியை இரண்டாவது கூட்டத்துக்கு அழைக்கலாம். அவருக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம். அதற்காகத் தயங்க வேண்டாம், பாடத்திட்டத்தின் ஐந்து முக்கியக் கேள்விகளையும் பிள்ளைகள் சொன்ன நான்கைந்து பதில்களையும் மலாயில் ஒரு பக்கம் எழுதி முந்தின நாளே புலனத்தில் (வாட்ஸ்அப்) அனுப்புங்கள். எண்ணுக்கு மொழி தேவையில்லை, 234 அவருக்கும் புரியும்.

பதிவுக்கு வந்தால், இரண்டு முறை திட்டமிடல் இரண்டு மணி நேரம், இரண்டு பாடம் இரண்டு மணி நேரம், இரண்டு பேச்சு இரண்டு மணி நேரம். ஆக ஆறு, அதாவது ஒரு நாள். அமைச்சின் பயிற்சிப் பதிவு முறையான எஸ்.பி.எல்.கே.பி.எம்.-இல் ஏற்றக் கூட்டக் குறிப்பு இரண்டு பக்கம், வருகைத் தாள், படம் ஒன்றிரண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். இருபது பக்கத்துக்கு அட்டை போட்டு, பார்டர் வைத்துக் கோப்பு தயாரிக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அதைச் செய்தவர்கள் இரண்டாவது சுற்றுக்கு வருவதே இல்லை, களைத்துப்போய்விடுகிறார்கள்.

ஈர்க்கைப் பச்சையாகக் கட்டி வைத்தால் பூஞ்சை பிடிக்கும். இரண்டு நாள் நல்ல வெயிலில் காய வைத்து, மூடி இறுகும் பிஸ்கட் டின்னில் போடுங்கள். ரப்பர் வளையம் சீக்கிரமே இற்றுவிடும், கூடுதலாக ஒரு பாக்கெட் வாங்கி வையுங்கள். பக்கத்துப் பள்ளிக்குக் கொடுக்கும்போதும் திரும்ப வாங்கும்போதும் எண்ணிவிடுங்கள். 402 என்று பலகையில் எழுதிவிட்டு மேசையில் 397 குச்சி இருந்தால், சரியாகச் செய்த பிள்ளைக்குத்தான் முதலில் தப்பு வரும்.