இறால் தின்ன ஒன்பது பேர், படகு தூக்க இரண்டு பேர்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ஊத்தான் மெலிந்தாங்கில் இருக்கும் என் அக்கா வீட்டுக்காரர், வாரநாளில் செம்பனைத் தோட்டத்துக் கிராணி, அதாவது கணக்கர். ஞாயிறு வந்தால் சம்பான் என்கிற சின்னப் படகோடு பெர்ணம் ஆற்றில்தான் இருப்பார்.

அக்டோபர், நவம்பரில் மழை பிடித்துக்கொண்டால் ஆறு மரக்கட்டைகளை உருட்டிக்கொண்டு வரும். அதனால் தீபாவளிக்கு முந்தின ஞாயிறே படகு வீடு திரும்பி, போர்ச்சில் கவிழ்ந்து படுத்துவிட வேண்டும். கார் மழையில் நிற்கும். இதைப் பற்றி அக்கா சொல்வதையெல்லாம் இங்கே எழுத முடியாது.

படகைத் தூக்க, கடல் பொங்கி ஆறு நிறையும் நீரேற்றம் வேண்டும். தண்ணீர் நிறைந்திருந்தால் படகு புல்லை ஒட்டியே வந்து நிற்கும். லோரியில் ஏற்றுவது சுலபம். வற்றிவிட்டால் நடுவில் முழங்கால் அளவு சேறு.

"கடைசி நாள் மச்சான், ஒரே ஒரு தடவை தூண்டில் போட்டுட்டு வந்துடலாம்" என்றார் மாமா.

ஊடாங் காலா என்கிற பெரிய ஆற்று இறால் என்றால் அவருக்கு உயிர். அதிலும் நீலக் கொடுக்கு வைத்த பெரிய ஆண் இறால்! இந்த வளைவில் இல்லை, அடுத்த வளைவில் இருக்கும் என்று போய்க்கொண்டே இருந்தார். ஒன்றே ஒன்று மாட்டியது. திரும்பி வந்து பார்த்தால் ஆறு பாதி காலி. கரைக்கு முன்னாலேயே படகு சேற்றில் குந்திவிட்டது. இந்தப் பக்கம் பேராக், எதிர்ப்பக்கம் சிலாங்கூர். உதவிக்கு இரண்டு மாநிலத்திலும் ஆள் இல்லை. இந்த ஆற்றில் முதலை உண்டு என்பது அப்போது பார்த்துத்தான் எனக்கு ஞாபகம் வந்தது.

மாமா வரிசையாகப் போன் போட்டார். வருடம் முழுக்க இறால் வாங்கித் தின்றவர்கள்தான். ஒருவருக்கு முட்டிவலி. இன்னொருவர் தெலுக் இந்தானில் தீபாவளித் துணி எடுத்துக்கொண்டிருந்தார். மற்றவர்களுக்கு லைன் கிளியராக இல்லையாம்.

இனி அடுத்த ஏற்றம் வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். படகு எஞ்சினுக்கு ஒரு லிட்டர் எண்ணெய்க்கு ஐம்பது லிட்டர் பெட்ரோல், கியர் எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டது என்று எனக்குப் பாடம் நடத்தினார். கொசுவும் கூடவே உட்கார்ந்து கேட்டது.

ஒருவழியாகத் தண்ணீர் ஏறி, லோரிக்கார அண்ணன் கைகொடுக்க, வீடு சேரும்போது ஊரே தூங்கிவிட்டது. எஞ்சினை அப்படியே வைத்தால் உப்புத் தண்ணீர் அரித்துவிடும். மாமா அதை டிரம் தண்ணீரில் இறக்கி, கழுவுவதற்காக ஓடவிட்டார். அப்புறம் பெட்ரோல் குழாயைக் கழற்றி, கார்பரேட்டர் காய்ந்து தானாக நிற்கும்வரை விட்டார். அந்த டூ-ஸ்ட்ரோக் அலறலில் எங்கள் குடியிருப்பான தாமான் முழுக்க விளக்கு எரிந்தது.

முதல் ஆளாக ஓடி வந்தவர் முட்டிவலிக்காரர்.

"என்னங்க, இறால் கிடைச்சுதா?"

அக்கா வாசலுக்கு வந்தார். "ஒண்ணு கிடைச்சுது. எல்லாரும் லோரியிலிருந்து படகை இறக்கி வைங்க, பங்கு போடுறேன்."